போனில் ‘யெஸ், யெஸ்’ சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 44. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளி முடித்துப் படிவம் 3 வரை படித்தேன். மலாய் நன்றாகப் பேசுவேன், எழுதுவேன். ஆங்கிலம் கேட்டால் பாதி புரியும், வாய் திறக்க வராது. டவுனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலை. ஓவர்டைமோடு மாதம் 2,100 வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கிறது. என்னைக் கேஷியர் கவுண்டருக்கு மாற்றுவதாக சூப்பர்வைசர் சொல்கிறார், ஆங்கிலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. மகன் சொன்னான் என்று 4,000 வெள்ளி லிமிட்டில் ஒரு கிரெடிட் கார்டு எடுத்தேன். போன வாரம் ஒரு பெண் போன் செய்து ஆங்கிலத்தில் மளமளவென்று பேசினாள். புரியாமல் ‘யெஸ், யெஸ், ஓகே’ என்றேன். இப்போது மாதம் 28.50 வெள்ளிக்கு நான் இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. கார்டு ஸ்டேட்மெண்டும் எனக்குப் பிடிபடவில்லை. மூன்று மாத ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு 900 வெள்ளி கேட்கிறார்கள். சேரலாமா? ஆங்கிலப் படம் பார்த்தாலே வந்துவிடும் என்கிறாள் மகள்.
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, வகுப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த இன்ஷூரன்ஸ் கடிதத்தை எடுத்து வையுங்கள். அதற்கு நாள் கணக்கு இருக்கிறது.

ஆயுள் காப்புறுதிக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் நம் மலேசியாவில் ‘ஃப்ரீ லுக் பீரியட்’ என்று 15 நாள் அவகாசம் உண்டு. பாலிசி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிடித்த பணம் திரும்ப வரும். உங்களுடையது வேறு வகைக் காப்புறுதி என்றால் கடிதத்தில் ‘ஃப்ரீ லுக்’, ‘கூலிங் ஆஃப்’, ‘கேன்சலேஷன்’ என்ற மூன்றில் ஏதாவது ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். எத்தனை நாள் என்பது அதன் பக்கத்திலேயே இருக்கும். நாள் தாண்டிப் போயிருந்தாலும் நிறுத்தச் சொல்லலாம். பிடித்த பணம் வராமல் போகலாம், ஆனால் மாதாமாதம் போவது நிற்கும்.

கார்டைக் கேன்சல் செய்தால் இன்ஷூரன்ஸும் போய்விடும் என்று நினைத்து நிறையப் பேர் பேங்குக்கு ஓடுகிறார்கள். கார்டு பேங்குடையது, பாலிசி இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையது. கடிதத்தின் தலைப்பில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் பேச வேண்டும். போன் எடுத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மலாயைத் தேர்ந்தெடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நன்றாகத் தெரிந்த மொழியில் பேசுவதுதான் புத்தி. ஆங்கிலத்தில் பேசும் ஆள்தான் கிடைத்தார் என்றால் இந்த நான்கு வாக்கியம் போதும். பாலிசி எண்ணைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தாலும் சரி:

‘ஐ வான்ட் டு கேன்சல் திஸ் பாலிசி.’
‘ஐ டோன்ட் வான்ட் எனி அதர் பிளான்.’
‘வென் வில் ஐ கெட் த ரீஃபண்ட்?’
‘ப்ளீஸ் கிவ் மீ அ ரெஃபரன்ஸ் நம்பர்.’

இரண்டாவது வாக்கியம் ஏன் என்றால், கேன்சல் என்றதும் ‘இதைவிடக் குறைந்த விலையில் இன்னொன்று இருக்கிறது’ என்று ஆரம்பிப்பார்கள். நான்காவதை வாங்காமல் போனை வைக்கவே கூடாது. அந்த எண், பேசியவரின் பெயர், தேதி, நேரம் நான்கையும் கடிதத்தின் மேலேயே எழுதுங்கள். அன்றைக்கே மலாயில் இரண்டு வரி ஈமெயிலும் அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னதற்கு அவர்களிடம் ஒலிப்பதிவு இருக்கும், உங்களிடம் எழுத்து இருக்க வேண்டும்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். நீங்கள் முதலில் கற்க வேண்டியது புதுச் சொல் அல்ல. ஒரு பழக்கத்தை விட வேண்டும். அந்த ‘யெஸ்’.

பணிவினால் மட்டும் அது வாயில் வருவதில்லை. தமிழில் பதில் சொல்லும் முறையே வேறு. ‘உங்களுக்கு வேண்டாமா?’ என்று கேட்டால் ‘ஆமா, வேண்டாம்’ என்போம். எதிரில் இருப்பவர் சொன்னது சரி என்பதற்கு நம் ‘ஆமா’. ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘யூ டோன்ட் வான்ட் த கவரேஜ்?’ என்று அந்தப் பெண் கேட்கும்போது நீங்கள் ‘யெஸ்’ என்றால், ‘வேண்டும்’ என்றுதான் அவள் குறித்துக்கொள்வாள். வேண்டாம் என்றால் ‘நோ’தான் பதில். ‘யூ டிட் நாட் ரிசீவ் த கார்ட்?’ என்ற கேள்விக்கும் இதே கதை. கார்டு வரவில்லை என்றால் ‘நோ’. தமிழ்க் காதுக்கு இது தலைகீழாகத் தெரியும், பல வருடம் ஆங்கிலம் பேசுகிறவர்களே தடுமாறும் இடம். அதனால் தனியாக ‘யெஸ்’ஸோ ‘நோ’வோ சொல்வதையே விட்டுவிடுங்கள். வினைச்சொல்லோடு முழுசாகச் சொல்லுங்கள்: ‘ஐ டோன்ட் வான்ட்.’ ‘ஐ டிட் நாட் ரிசீவ்.’ ‘ஐ அக்ரீ.’ ‘ஐ டோன்ட் அக்ரீ.’ எந்தப் பக்கம் கேள்வியைத் திருப்பிக் கேட்டாலும் இந்தப் பதில் மாறாது.

அடுத்து, நேரம் வாங்கும் வாக்கியங்கள். புரியாதபோது வாய் தானாக ‘ஓகே’ என்று போகும். அந்த இடத்தில் வேறொன்று தயாராக இருக்க வேண்டும்.

‘சாரி, கேன் யூ ஸ்பீக் ஸ்லோலி?’ இதைச் சொன்னால் ஒரு வாக்கியம் மெதுவாகப் பேசிவிட்டு அடுத்ததில் பழைய வேகத்துக்கே போய்விடுவார்கள். கூச்சப்படாமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.
‘கேன் யூ ஸ்பீக் இன் மலாய்?’
‘ஹவ் மச் டு ஐ பே, அண்ட் வென்?’ இலவசம், பாதுகாப்பு, ஸ்பெஷல் ஆஃபர் என்று எவ்வளவு நேரம் பேசினாலும் இந்தக் கேள்விக்கு வெள்ளிக் கணக்கில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.
‘ப்ளீஸ் சென்ட் மீ த டீடெயில்ஸ் ஃபர்ஸ்ட். ஐ வில் நாட் டிசைட் ஆன் த போன்.’
‘ஐ அம் நாட் இன்ட்ரெஸ்டட். தேங்க் யூ, பை.’ இதைச் சொன்ன பிறகு எதிர்முனை பேசிக்கொண்டிருந்தாலும் போனை வைத்துவிடலாம். மரியாதைக்குறைவு இல்லை, நீங்கள் நன்றியும் சொல்லிவிட்டீர்கள்.

பேங்கிலிருந்து என்று சொல்லி வரும் போனுக்குத் தனியாக ஒன்று: ‘ஐ வில் கால் த நம்பர் பிஹைண்ட் மை கார்ட்.’ கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணை நீங்களே அழுத்திப் பேசுவதுதான் பாதுகாப்பு. அவர்கள் சொல்லும் எண்ணுக்கோ, அனுப்பும் லிங்குக்கோ போகாதீர்கள். ‘ஃபார் வெரிஃபிகேஷன்’ என்று தொடங்கி போனில் வந்த டிஏசி எண்ணையோ (ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் வரும் ரகசிய எண்), கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையோ கேட்டால் அது மோசடி, பேங்க் அதைக் கேட்காது. ஏமாந்து பணம் போய்விட்டால் 997க்குப் போன் செய்ய வேண்டும், மோசடிப் புகாருக்கென்றே உள்ள எண் அது. மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே போகும், தாமதிக்கத் தாமதிக்கப் பிடிப்பது கஷ்டம்.

உங்களிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது, அதைக் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்: மலாய். கடையில் விற்கும் ‘30 நாளில் ஆங்கிலம்’ புத்தகங்கள் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கும். ‘பில்’ என்று தமிழில் எழுதினால் அது கட்ட வேண்டிய பில்லா, விழுங்க வேண்டிய மாத்திரையா என்று எழுத்து சொல்லாது. நமக்கு ப ஒன்றுதான், க ஒன்றுதான். மலாயின் ரூமி எழுத்தில் (ஏ, பி, சி எழுத்து) அந்தப் பில், மாத்திரை இரண்டுக்கும் தனித்தனி முதலெழுத்து, சொல்லும்போதும் உங்கள் வாயில் தனித்தனியாகவே வரும், ஏனென்றால் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறீர்கள். இந்தப் பதிலில் நான் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதினாலும், உங்கள் நோட்டுப்புத்தகத்தில் உச்சரிப்பை ரூமியில் எழுதுங்கள்.

இன்னொரு லாபம். ரிசிட், கவுந்தர், டிஸ்கவுன், பவுச்சர், இன்சுரான்ஸ், லிமிட், டெபிட், கிரெடிட், கொமிசென். இவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்த மலாய்ச் சொற்கள், ஆங்கிலத்திலிருந்து வந்தவை. உச்சரிப்பைக் கொஞ்சம் திருத்தினால் ஆங்கிலமாகிவிடும். சில இடத்தில் மலாய் எழுத்தே நல்ல வாத்தியார். ரிசிட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு ப எழுத்து நிற்கும், அதைப் பார்த்து ‘ரிசிப்ட்’ என்பவர்கள் உண்டு. மலாய்க்காரர்கள் அந்த எழுத்தைத் தூக்கிவிட்டு, காதில் விழுகிற மாதிரி எழுதிவிட்டார்கள். அதையே பின்பற்றுங்கள்.

பேங்க் ஆப்பில் மொழி மாற்றும் இடம் இருக்கும். ஒரே பக்கத்தை மலாயில் திறந்து பாருங்கள், பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கும், சொல் மட்டும் மாறும். ‘பாக்கி’ இருந்த இடத்தில் ‘பேலன்ஸ்’, ‘பாயாரான் மினிமும்’ இருந்த இடத்தில் ‘மினிமம் பேமெண்ட்’. அகராதி தேவையில்லை, காசும் செலவில்லை. ஏடிஎம்மிலும் இப்படிச் செய்யலாம், ஆனால் பின்னால் வரிசை நிற்கும்போது வேண்டாம்.

ஸ்டேட்மெண்டை இப்போது விரித்து வையுங்கள். உங்களைப் போலக் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லில்தான் விழுகிறார்கள்: பேலன்ஸ். சேமிப்புக் கணக்கில் பேலன்ஸ் என்றால் உங்கள் பணம். கிரெடிட் கார்டில் பேலன்ஸ் என்றால் உங்கள் கடன். ‘கரண்ட் பேலன்ஸ் 1,860.00’ என்று பார்த்துவிட்டு இன்னும் அவ்வளவு இருக்கிறது என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு. செலவு செய்ய மிச்சம் இருப்பது ‘அவெய்லபிள் லிமிட்’ அல்லது ‘அவெய்லபிள் கிரெடிட்’. உங்கள் 4,000 வெள்ளியில் 1,860 போக 2,140 அங்கே நிற்கும். அதுவும் உங்கள் பணமில்லை, பேங்க் கடன் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை.

‘ஸ்டேட்மெண்ட் டேட்’ கணக்கு மூடிய நாள். ‘ட்யூ டேட்’ பணம் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள், மலாயில் தாரிக் அக்கிர் பாயாரான். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 20 நாள் இருக்கும். ஸ்டேட்மெண்ட் 5ஆம் தேதி என்றால் ட்யூ டேட் 25ஆம் தேதி வாக்கில். ‘ஸ்டேட்மெண்ட் பேலன்ஸ்’ என்ற முழுத்தொகையை அதற்குள் கட்டிவிட்டால், பொருள் வாங்கியதற்கு வட்டி ஒரு காசுகூட இல்லை.

‘மினிமம் பேமெண்ட்’ என்பது மொத்தத்தில் 5 விழுக்காடு. அது 50 வெள்ளிக்குக் கீழே வந்தால் பொதுவாக 50 வெள்ளி. 1,860க்கு 93 வெள்ளி. இதைக் கட்டினால் போதும் என்று பேங்க் சொல்வது உண்மைதான், எதற்குப் போதும் என்பதைத்தான் சொல்வதில்லை. தாமதக் கட்டணம் வராமல் இருக்க மட்டும் போதும். மீதி 1,767க்கு வட்டி ஓடும். ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் 30 நாளைக்கு ஏறக்குறைய 26 வெள்ளி. அடுத்த மாதம் நீங்கள் கட்டும் மினிமத்தில் கால்வாசிக்கு மேல் வட்டிக்கே போய்விடும். புதிதாக வாங்கும் அரிசி, பாலுக்கும் அந்த 20 நாள் சலுகை கிடைக்காது. இந்த வட்டி ஸ்டேட்மெண்டில் ‘இன்ட்ரெஸ்ட்’ என்றோ ‘ஃபைனான்ஸ் சார்ஜ்’ என்றோ வரும். 12 மாதம் தொடர்ந்து நேரத்துக்குக் கட்டியவருக்கு 15 விழுக்காடு, 12இல் 10 மாதமாவது நேரத்துக்குக் கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18 என்று அடுக்கு இருக்கிறது.

‘லேட் பேமெண்ட் சார்ஜ்’ தனி. மொத்தத்தில் 1 விழுக்காடு, குறைந்தது 10 வெள்ளி, அதிகபட்சம் 100. உங்கள் 1,860க்கு 18.60. ட்யூ டேட் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையே கட்டிவிடுங்கள்.

தொகைக்குப் பின்னால் சி, ஆர் என்ற இரண்டு எழுத்து ஒட்டியிருந்தால் அது செலவில்லை. நீங்கள் கட்டியதோ உங்களுக்குத் திரும்பி வந்ததோ. இன்ஷூரன்ஸ் பணம் திரும்பினால் 28.50க்குப் பின்னால் இந்த எழுத்துகளைத் தேடுங்கள். 25 வெள்ளி ‘சர்வீஸ் டேக்ஸ்’ என்று ஆண்டுக்கொருமுறை வருவது அரசாங்க வரி, ஒவ்வொரு கார்டுக்கும் உண்டு. அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி பேங்கோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ‘ஆனுவல் ஃபீ’ அப்படியில்லை, அது பேங்க் வாங்குவது, கேட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள்: ‘கேன் யூ வேவ் த ஆனுவல் ஃபீ?’ இந்த ‘ஃபீ’யைச் சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தொடாமல் சொன்னால் தமிழ்க் காதில் என்ன விழும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நீங்கள் வாங்காத ஒன்று ஸ்டேட்மெண்டில் இருந்தால் ‘ஐ டிட் நாட் மேக் திஸ் டிரான்சாக்‌ஷன். ஐ வான்ட் டு டிஸ்ப்யூட் இட்.’ டிஸ்ப்யூட் என்ற சொல்லைச் சொன்னால் நீங்கள் முறையாகப் புகார் செய்கிறீர்கள் என்பது தெளிவாகிவிடும். ‘சம்திங் ராங்’ என்று சொன்னால் அனுதாபம்தான் கிடைக்கும். கார்டு தொலைந்தால் ‘மை கார்ட் இஸ் லாஸ்ட். ப்ளீஸ் பிளாக் இட் நவ்.’ கடைசிச் சொல்லை விடாதீர்கள்.

‘கேஷ் அட்வான்ஸ்’ என்ற சொல்லை ஏடிஎம் திரையில் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் 500 வெள்ளி எடுத்தால் கட்டணம் பொதுவாக 5 விழுக்காடு, அதாவது 25 வெள்ளி அப்போதே போய்விடும். வட்டிக்கு 20 நாள் சலுகையும் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே நாளொன்றுக்கு 25 காசு வாக்கில் ஏறும். பள்ளி திறக்கும் மாதத்தில் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு மினிமம் கட்டவே மூச்சு முட்டுகிறது என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அதை 2006இல் தொடங்கியது. ஆலோசனைக்குக் காசு கிடையாது, மலாயில் பேசலாம். ‘கடனை அழித்துத் தருகிறோம்’ என்று போஸ்டர் ஒட்டும் ஆட்களிடம் போக வேண்டாம்.

கவுண்டர் வேலை உங்களுக்கு ஆங்கில வகுப்பைவிட நல்லது. அங்கே பேச்சு குறைவு, ஒரே பேச்சு நாள் முழுக்கத் திரும்ப வரும். ‘கேஷ் ஆர் கார்ட்?’, ‘டூ யூ நீட் அ பேக்?’, ‘டேப் ஆர் இன்சர்ட்?’, ‘ப்ளீஸ் கீ இன் யுவர் பின்.’ கார்டை மெஷினில் தொட்டு (டேப் செய்து), பின் எண் இல்லாமல் கட்டுவது 250 வெள்ளி வரை. அதற்கு மேல் போனால் ஆறு இலக்க பின் கேட்கும். வாடிக்கையாளர் பின் அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மெஷினைக் கையில் வாங்கி நீங்களே அழுத்தித் தருகிறேன் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், வயதானவர்கள் எண்ணை வாய்விட்டே சொல்வார்கள், அப்போதும் கூடாது.

மெஷினில் ‘டிக்லைன்ட்’ என்று வந்தால் ‘யுவர் கார்ட் நோ மணி’ என்று சொல்லிவிடாதீர்கள். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கும், அது உண்மையாகவும் இருக்காது. லைன் போயிருக்கலாம், கார்டு காலாவதியாகியிருக்கலாம், பேங்க் சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கலாம். ‘சாரி, த கார்ட் டிட் நாட் கோ த்ரூ. டூ யூ ஹேவ் அனதர் கார்ட்?’ குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள்.

மெஷினில் தொகையைக் காசுக் கணக்கில் அழுத்த வேண்டியிருக்கும். 15 வெள்ளிக்கு 1, 5, 0, 0. ஒரு சுழியம் கூடினால் 150 வெள்ளி. வாடிக்கையாளர் பின் போடுவதற்கு முன் திரையை அவர் பக்கம் திருப்பி ‘ப்ளீஸ் செக் த அமௌண்ட்’ என்று சொல்வதைப் பழக்கமாக்குங்கள். தப்பாகப் போய்விட்டால் இரண்டு சொல் முக்கியம். ‘வாய்ட்’ என்பது அன்றைய கணக்கு மூடுவதற்கு முன் அந்த டிரான்சாக்‌ஷனையே ரத்து செய்வது. கணக்கு மூடுவதை ‘செட்டில்மெண்ட்’ என்பார்கள். செட்டில்மெண்ட் ஆன பிறகு வாய்ட் வேலை செய்யாது, ‘ரீஃபண்ட்’தான், அது வாடிக்கையாளர் கணக்குக்குப் போக நாளாகும். அதனால் தப்பு நடந்த நிமிடமே சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். திட்டு விழும் என்று ஷிப்ட் முடியும் வரை வைத்திருந்தால் வேலை இரண்டு மடங்கு.

எண்ணில் ஒரு கண்ணி. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். 13-30, 14-40 எல்லாமே அப்படித்தான். ஃபிஃப்டீனில் பின்பாதியை அழுத்தி நீட்டுவார்கள், ஃபிஃப்டியில் முன்பாதியை அழுத்திவிட்டுப் பின்பாதியை விழுங்குவார்கள். காதைப் பழக்க மாதக் கணக்காகும். அதுவரை சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஸீரோ?’ என்று கேளுங்கள். பேங்க் ஆட்களே இப்படித்தான் உறுதி செய்துகொள்கிறார்கள். கார்டு எண்ணை நீங்கள் சொல்லும்போது நான்கு நான்காகப் பிரித்து, நடுவில் மூச்சு விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் ‘டபுள் த்ரீ’ என்றால் 33, ‘ஓ’ என்றால் சுழியம்.

மகள் சொன்ன படம் விஷயம். அவளுக்கு அது உதவும், ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்தவளுக்கு. உங்களுக்கு வேண்டிய வாக்கியம் இரண்டு மணி நேரப் படத்தில் ஒருமுறை வந்தால் அதிசயம், வரும்போது பின்னணி இசையும் சேர்ந்து வரும். அவளிடம் வேறு வேலை கொடுங்கள். வீட்டின் இன்னொரு அறையிலிருந்து வாட்ஸ்அப்பில் உங்களுக்குப் போன் செய்யட்டும், இன்ஷூரன்ஸ் விற்கும் பெண்ணைப் போலவே வேகமாகப் பேசட்டும். முகம் பார்த்துப் பேசும்போது உதடும் கையும் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும், போனில் அது இல்லாததால்தான் உங்களுக்கு வியர்க்கிறது. தினம் ஐந்து நிமிடம். ‘யெஸ்’ஸை மட்டும் தனியாகச் சொல்லிவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது நீங்கள், ஐந்து நிமிடம் தப்பித்தால் அவள். மேலே எழுதியதில் பத்து வாக்கியத்தை இப்படி வாயில் ஏற்றிய பிறகு புது வாக்கியத்துக்குப் போங்கள். பொருள் மனப்பாடமான நூறு சொல்லைவிட நாக்கில் நிற்கும் பத்து வாக்கியம் போனில் கைகொடுக்கும்.

900 வெள்ளி வகுப்பு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் சம்பளத்தில் அது நான்கு வாரக் குடும்பச் செலவில் பெரிய பங்கு. அப்படிச் சேரத்தான் வேண்டுமென்றால் ஒரு வகுப்பை இலவசமாக உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் நீங்கள் எத்தனை நிமிடம் வாய் திறந்தீர்கள் என்று பாருங்கள். 40 பேர் கேமராவை மூடிவைத்துக்கொண்டு ஒருவர் பேசுவதைக் கேட்கும் வகுப்பென்றால் அது வானொலி கேட்பதுதான். ‘ஸீரோ பெர்சென்ட் இன்ஸ்டால்மெண்ட்’டில் கார்டில் போடலாம் என்று சொன்னாலும் தயங்குங்கள். மாதம் கட்டுவது சின்னத் தொகையாகத் தெரியும், ஆனால் 900 முழுவதும் உங்கள் லிமிட்டிலிருந்து முதல் நாளே ஒதுக்கப்பட்டுவிடும், வகுப்புப் பிடிக்காமல் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

சூப்பர்வைசரிடம் சரி என்று சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் காலை ஷிப்ட் கேட்டு வாங்குங்கள், பழைய கேஷியர் ஒருவர் பக்கத்துக் கவுண்டரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரக் கடைசியில் தொடங்க வேண்டாம்.